சாரதாவின் மெஷினும் நான் பிடுங்கிய பிளக்கும்

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி

மரியாதைக்குரிய மச்சான் நஞ்சுண்டன் அவர்களுக்கு, கிட்டுசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் சாரதாவும் பேத்தி வெண்பாவும் சுகம். அங்கு பொள்ளாச்சியில் நீங்களும் உங்கள் அக்காவான என் சம்சாரம் பவளமும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில் ஒரு ரகசியம் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

வெண்பாவுக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்னபோது நாமெல்லாம் கோயில் கோயிலாக அலைந்தோம். சாரதா என்ன செய்கிறாள் தெரியுமா? கம்ப்யூட்டருக்குள் இரண்டு மூளை வளர்க்கிறாள். நிஜ மூளை இல்லை, மூளை போலப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் கணக்கு. இரண்டுக்கும் ஒரே படங்கள்தான். இரண்டாவதில் மட்டும் கணக்கின் ஒரு நம்பரை லேசாக மாற்றியிருக்கிறாள். முதலாவது நூறு நாயைப் பார்த்ததும், எல்லாம் நாய்தானே என்று விட்டுவிடுகிறது. இரண்டாவதுக்கு நூறும் வேறு வேறு. ஒன்றின் காதுமடலைக்கூட மறக்காது, புதிதாக ஒன்று வந்தால் திணறும். "ஆட்டிசத்துல மூளை இப்படியும் வளரலாம்னு ஒரு மாடல்தான்ப்பா, வெண்பா மூளையே இதுன்னு சொல்லல" என்றாள். எதிர் பார்க்கிங்கில் நிற்கும் நாற்பது காரின் நம்பரையும் சொல்லும் பிள்ளை, நான் புதுச்சட்டை போட்டால் ஏன் கிட்டவே வருவதில்லை என்று மூன்று வருஷமாகப் புரியாத எனக்கு அன்றுதான் கொஞ்சம் புரிந்தது. இப்படி ஒரு மகளைப் பெற்ற கர்வத்தில்தான் மச்சான், புத்தி கெட்டுப்போச்சு.

ஆயுத பூஜை அன்னிக்கு அவ ஆபீஸ் போயிட்டா. வீட்டுக்கு அடியில பேஸ்மென்ட்ல அந்தக் கம்ப்யூட்டர் மெஷின் பத்தொன்பது நாளா ஓயாம ஓடிட்டிருந்துச்சு. ஆயுதத்தை அன்னிக்கு வேலை வாங்கலாமுங்களா? சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சு, ஒரு நாளாச்சும் ஓய்வெடுக்கட்டும்னு பிளக்கைப் பிடுங்கிட்டு மேல வந்து தூங்கிட்டேன். மறுநாள் பொட்டைத் துடைச்சுட்டு மாட்டும்போதுதான் பகீர்னுச்சு, பத்தொன்பது நாள் படிச்சதெல்லாம் போயிருக்குமேன்னு. வெள்ளிக்கிழமை அவ ரிசல்ட் அனுப்பணும். மெஷினைப் பத்தி அவ இன்னும் எங்கிட்ட எதுவும் கேக்கல. நான் எந்த மூஞ்சிய வெச்சுச் சொல்றது மச்சான்?

பெரியவங்களுக்கு என் கும்பிடு, சின்னதுகளுக்கு ஆசி. பவளத்துகிட்ட மூச்சு விட்றாதீங்க.

இப்படிக்கு,
கிட்டுசாமி

பி.கு.: இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்ப எனக்குத் தெரியாததால் சாரதாவிடம் கொடுத்திருக்கிறேன். படிக்காமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இன்னொரு பி.கு.: மாமா, நான் சாரதா. படிச்சுட்டேன். மெஷின் மணிக்கொரு தடவை தானா சேவ் பண்ணிக்கும், ஒண்ணும் போகல. பிளக்கைப் பிடுங்கின உடனே எனக்கு அலர்ட் வந்துச்சு, கேமராவுல பார்த்தேன். பேஸ்மென்ட் கதவைக் கண்டாலே காதைப் பொத்திக்கிற வெண்பா, அப்பா மேல போனப்புறம் தானா இறங்கி வந்து, படியில உக்காந்து பொரி தின்னுட்டிருந்தா. மெஷின் ஃபேன் சத்தந்தான் அவளுக்கு ஆகல. ரெண்டு மூளை வளர்க்கிற எனக்கு இது தெரியாமப் போச்சு. மெஷினை ஆபீஸுக்கே மாத்தறேன். அப்பாகிட்ட நானே மெதுவாச் சொல்லிக்கறேன், நீங்க அவசரப்பட்டுச் சொல்லிடாதீங்க. அந்த பயத்துல தினமும் பாத்திரம் கழுவறார்.