பீரோ மேல் வைத்த கை

டாக்டர் இருக்கிற தெருப் பக்கம் இனி தலைவைத்தும் படுப்பதில்லை என்று முடிவெடுத்தேன். என் முடிவுகள் எல்லாமே உறுதியானவைதான், மனைவி காதில் விழுகிறவரை.

நான் பிளம்பர். ரத்தக் குழாய் என்று சொன்னால் மற்றவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என்னால் முடியாது. பழைய குழாயை அறுத்து உள்ளே எட்டிப் பார்த்தவன் நான். அந்தக் கண்றாவியைப் பார்த்தவனுக்குச் சோறு இறங்காது.

போன வாரம் ஒரு வீட்டில் சிங்க் அடியிலிருந்து சட்டென்று எழுந்தேன். கண் இருட்டியது. அப்படியே டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள் மனைவி. வயசாக ஆக ரத்தக் குழாய் விறைத்துப்போகும், முன்போல விரிந்து கொடுக்காது, இதயம் கூடுதலாக மெனக்கெட்டுத் தள்ள வேண்டிவரும், நாளடைவில் அதன் சுவரும் தடிக்கும் என்று அவர் விளக்கினார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாருக்கும் நடப்பதுதான், பயப்படாதீர்கள் என்றும் சொன்னாராம். அது என் காதில் ஏறவில்லை. வீட்டில் தினமும் பிரஷர் பார்க்கச் சொன்னது மட்டும் ஏறியது.

வருகிற வழியிலேயே மணிக்கட்டில் கட்டுகிற மெஷின் ஒன்றை மனைவி வாங்கிவிட்டாள். கூடவே சட்டமும் போட்டாள். அளவு கூடினால் மறுபடி டாக்டர். அப்புறம் அவர் சரி என்று சொல்லும்வரை நான் ஏணியில் கால் வைக்கக் கூடாது.

மேல்தொட்டி வேலைதான் என் பிழைப்பு. ஏணி ஏறாத பிளம்பரை எவன் கூப்பிடுவான்? அதைவிட, உள்ளதைச் சொல்கிறேன், எனக்குப் பயம். என் நெஞ்சுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளவே பயம்.

அங்கேதான் தொழில் மூளை வேலை செய்தது. மேலே போகப் போகத் தண்ணீரின் வேகம் குறையும். கீழ்வீட்டில் பீய்ச்சி அடிக்கிற குழாய் மாடியில் அழுது வடியும். ரத்தத்துக்கு மட்டும் தனிச் சட்டமா? மறுநாள் காலை மெஷினைக் கட்டியதும், எழுந்து போய்க் கையைப் பீரோ மேல் வைத்துக்கொண்டேன்.

"கை ஏன் அங்க போகுது?"

"தோள்பட்டை வலி. இப்படி வெச்சாதான் சுகமா இருக்கு."

"வலிக்குதுன்னா யாராவது கையைத் தூக்குவாங்களா?"

"எனக்குத் தூக்கினாதான் வலிக்காது."

மெஷின் காட்டிய அளவைப் பார்த்தால் எனக்கு இன்னும் கல்யாணமே ஆகியிருக்காது. மனைவி முகம் மலர்ந்தது. நானும் சிரித்து வைத்தேன். அவள் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, கையை நெஞ்சு உயரத்தில் வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அன்று முழுக்க எந்த வீட்டில் மோட்டார் இரைந்தாலும் எனக்கு என் இதயம்தான் இரைகிற மாதிரி இருந்தது. யாரிடம் சொல்ல? சொன்னால் ஏணி போய்விடும்.

இப்படியே நாள் ஓடியது. நேற்று பேராசை பிடித்தது. பீரோ மேல் கையை வைத்ததோடு, முழங்காலையும் லேசாக மடக்கி நெஞ்சை இன்னும் கீழே இறக்கிக்கொண்டேன். மெஷினைக் கழற்றிப் பார்த்த மனைவி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏங்க, மோட்டார் தேஞ்சுபோனா தண்ணி எப்படி வரும்?"

"மெதுவா வரும்."

"ஏன்?"

"தள்ளுறதுக்கு அதுல தெம்பு இருக்காது."

அவள் மெஷினைப் பார்த்தாள். அப்புறம் என் நெஞ்சைப் பார்த்தாள்.

போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். குரல் தழுதழுத்தது. ஆமா டாக்டர், ரொம்பக் கம்மி என்றாள். தலைசுற்றலும் இருக்கு என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தபடி, ஆம்புலன்ஸ்லயே கூட்டிட்டு வந்துடவா என்று போனில் கேட்டாள். தெருவே வேடிக்கை பார்க்க என்னைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி கண்முன் ஓடியது.

"போனை வைம்மா. கையை மேல வெச்சா பிரஷர் கம்மியா காட்டும். இத்தனை நாளும் ஏமாத்திட்டேன். எனக்குப் பயமா இருந்துச்சு."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். மெஷினை நெஞ்சு உயரத்தில் வைத்துக் கட்டினாள். உண்மை வெளியே வந்தது. சட்டையை மாட்டுங்க என்றாள்.

டாக்டரம்மா நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்துப் பார்த்தார். இதயம் நன்றாகத்தான் ஓடுகிறது, பிரஷரைத்தான் இப்படி விட்டுவைக்கக் கூடாது என்றார். ஒரு மாத்திரை. உப்பு பாதி. தினமும் நடை. உட்கார்ந்த இடத்திலிருந்து மெதுவாக எழ வேண்டும். மாத்திரை உடம்புக்குப் பழகியதும் ஏணி ஏறலாம் என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. குனிந்து எழுந்தால் தலை சுற்றுமே என்று விட்டுவிட்டேன்.

வெளியே வந்ததும் மனைவியிடம் குறைபட்டுக்கொண்டேன். போனில் ஆம்புலன்ஸ்வரை பேசிய டாக்டர், நேரில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன்.

அவள் மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நான் போனே போடலைங்க. டோக்கன் முந்தாநாளே வாங்கிட்டேன்."