இருபது பவரில் அருந்ததி

கல்யாணத்தில் எல்லோரும் ஒரு பொய் சொல்கிறார்கள். ஐயர் மேலே கையைக் காட்டுவார். "அருந்ததி தெரியறதா?" என்பார். மேலே பந்தல் துணிதான் இருக்கும். மாப்பிள்ளை "தெரியுது" என்பான். பெண்ணும் தலையை ஆட்டும். அவ்வளவுதான். சாப்பிடப் போகலாம்.

நானும் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதனால் என் மாமனார் பதினொரு வருஷம் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எட்டாவது வரை படித்தேன். கந்தர்வக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு. காய்ப்புக் காலத்தில் ராத்திரி காவலுக்குப் படுக்க வேண்டும். அங்கே பேச ஆள் கிடையாது. மல்லாந்து கிடந்தால் வானம்தான். அப்படி வந்தது இந்த நட்சத்திரப் பழக்கம். (வேறு ஏதாவது கெட்ட பழக்கம் வந்திருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்று எங்கள் ஆத்தா சொல்லும்.)

பகலில் கண்மாய்க்கு வரும் நாரைகளைப் பார்க்கலாம், ராத்திரி வானத்தைப் பார்க்கலாம், ரெண்டுக்கும் ஒரே சாமானாக ஒரு பைனாகுலர் வாங்குவோம் என்று திருச்சிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் வயதானவர். சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது எட்டு பவர் தம்பி. பறவைக்கு இதான் சரி. வானமும் நல்லாத் தெரியும்."

"அதுக்கு மேல?"

"பத்து இருக்கு."

"அதுக்கு மேல?"

அவர் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். "இருபது இருக்கு. ஆனா கையில புடிச்சுப் பாக்க முடியாது, ஆடும். ஸ்டாண்ட் வேணும். பாக்குற எடமும் சுருங்கிப் போயிரும்."

எனக்குத் தெரிந்த பவர் மோட்டார் பவர்தான். கிணற்றுக்கு அஞ்சு எச்.பி. பத்தாமல் ஏழரை வாங்கிப் போட்டவன் நான். எட்டு பெரிதா, இருபது பெரிதா என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எண்பது கிலோ மூட்டை தூக்குற கை. ஆடாது" என்றேன்.

அவர் பில் போட்டார்.

ஆடியது.

நிலாவைப் பார்த்தேன். துரத்தின கோழி மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் ஓடியது. மூச்சை அடக்கினேன். கொஞ்சம் நின்றது. மூச்சை விட்டேன். முந்திரி மரத்துக்குள் போய்விட்டது. நட்சத்திரம் ஒவ்வொன்றும் புழுவாக நெளிந்தது. பகலில் இன்னும் மோசம். கண்மாயில் நாரை நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். பைனாகுலரை வைத்தால் நாரை இருக்காது. தண்ணீர் இருக்கும், கருவேல முள் இருக்கும். தேடிப் பிடிப்பதற்குள் அது பறந்திருக்கும். முதல் ஒரு மாதத்தில் நான் தெளிவாகப் பார்த்தது ஒரு கரண்டு கம்பத்தின் நம்பரை. கம்பம் பறக்காது. பைனாகுலர் ரெண்டு கிலோவுக்கு மேல் கனம். கழுத்தில் மாட்டி மாட்டிப் பிடரி வீங்கியதுதான் மிச்சம்.

கல்யாண வீடியோ எடுக்கும் சேகர் என்னோடு படித்தவன். அவன்தான் கேமரா ஸ்டாண்டை இரவல் கொடுத்தான். ஒரு இரும்புப் பட்டையை வளைத்து அதில் பைனாகுலரை மாட்டினோம். வானம் நின்றது. நிலாவில் குழி குழியாகத் தெரிந்தது. வியாழனுக்குப் பக்கத்தில் பொட்டுப் பொட்டாக நாலு தெரிந்தது. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பார்த்தார்கள். ஊர் அரிமளம். பெண் பெயர் மலர். மாமனாருக்குத் திருமயத்தில் மரக்கடை. வாரத்தில் பாதி நாள் அங்கேயே தங்கிவிடுவார். லோடு இறங்குது, ஆள் இருக்கணும் என்று காரணம் சொன்னார்கள். நான் சரி என்றேன்.

திருமயத்தில் அவருக்கு இன்னொரு வீடு இருந்தது. அந்த வீட்டில் ஒரு பெண் இருந்தார். பதினைந்து வருஷமாக. இது அரிமளத்தில் எல்லோருக்கும் தெரியும். என் மாமியாருக்கும் தெரியும். யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்று கல்யாணத்தை அவசரமாக வைத்தார்கள். இதெல்லாம் நான் பிற்பாடு தெரிந்துகொண்டது. (இருபது பவர் வைத்திருந்தேன். எதிரில் இருந்தது தெரியவில்லை.)

தை மாதம், விடிகாலை நாலரைக்கு மேல் ஆறுக்குள் முகூர்த்தம். போனில் பார்த்தேன். தை மாதம் அந்த நேரத்தில் அருந்ததி நேர் வடக்கே, பாதி உயரத்தில் நிற்கும் என்று போட்டிருந்தது. பந்தல் துணியைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டியதில்லை. நிஜமாகவே பார்க்கலாம். எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது.

மார்கழி முழுக்கப் பனியில் எழுந்து ஒத்திகை பார்த்தேன். அருந்ததி தனியாக இருக்காது. பக்கத்தில் பெரிதாக வசிஷ்டர் இருப்பார். வெறுங்கண்ணுக்கு இந்த ரெண்டுதான். இருபது பவரில் பார்த்தால் மூன்று. வசிஷ்டரை ஒட்டியே, உரசிக்கொண்டு, இன்னொன்று இருக்கிறது. எட்டு பவரில் அது தெரிந்திருக்காது. நான் இருபது வாங்கியது சரிதான் என்று அன்றைக்கு நினைத்தேன். கடைசியாக அப்படி நினைத்தது அன்றைக்குத்தான்.

தாலி கட்டியாயிற்று. அம்மி மிதித்தாயிற்று. ஐயர் எங்களை மண்டபத்து வாசலுக்குக் கூட்டிவந்தார். நான் சேகரிடம் கையை நீட்டினேன்.

"டேய், ஒரே ஸ்டாண்டுதான்டா கொண்டாந்திருக்கேன். கேமராவ எங்க வைக்க?"

"கையில புடி."

"ஆடும்டா."

"கொஞ்ச நேரந்தான்."

ஐயர் கிழக்கே சீரியல் லைட் வளைவைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்றார்.

"இல்ல சாமி. அது வடக்க இருக்கு."

"எங்க இருந்தா என்ன? தெரியறதுன்னு சொல்லுங்கோ. எனக்குப் புதுக்கோட்டைல அடுத்த முகூர்த்தம்."

"இருங்க சாமி, காட்டுறேன்" என்று பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டை நட்டேன். ஜனம் கூடிவிட்டது. மலர் குனிந்து பார்த்தாள். அது வரை அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"மூணு இருக்கு" என்றாள்.

மலரின் சின்னம்மா, அதாவது என் மாமியாரின் தங்கை, முன்னால் வந்தார். அவரும் பார்த்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. ஆர்வம் என்று நான் நினைத்தேன்.

"ரெண்டுதானே மாப்ளே சொல்லுவாக? மூணாவது யாரு?"

"அது வசிஷ்டர ஒட்டியே இருக்கும் சின்னம்மா. வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

"ரொம்ப நாளாவா இருக்கு?"

"ரொம்ப நாளா. யாரும் வெளிய பேசுறதில்ல, அவ்வளவுதான்."

"அருந்ததிக்குத் தெரியுமா?"

"பக்கத்துலயே இருக்கு, தெரியாம இருக்குமா? ஆனா அருந்ததி தள்ளி இருக்கு. இதுதான் கிட்டக்க இருக்கு."

நான் பேசி நாற்பது பேர் கேட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அது எனக்குப் பிடித்திருந்தது. நிறுத்தியிருக்க வேண்டும்.

"வசிஷ்டர் ரெண்டையும் விடல. சமாளிச்சுக்கிட்டு இருக்காரு" என்றேன்.

பின்னால் யாரோ இருமினார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஐயர் பஞ்சாங்கத்தை மூடிப் பைக்குள் வைத்தார். மாமனார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது. தூக்கம் இல்லை போல என்று நினைத்தேன்.

"ஒனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா. போன்ல பாத்தேன்."

"போன்லயே வந்துருச்சா?"

"படத்தோட வந்திருக்கு மாமா" என்றேன்.

அவர் தோளில் கிடந்த துண்டை உதறினார். "மலரு, வா. கார்ல ஏறு. இவன் கூட ஒரு நாளும் இருக்க வேணாம்."

தாலி கட்டி அரை மணி நேரம் ஆகவில்லை. தாலிக் கயிற்றில் மஞ்சள்கூடக் காயவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். நான் பைனாகுலரைப் பார்த்தேன். அதில் என்ன கோளாறு என்று எனக்குப் புரியவில்லை.

மலர் என் பக்கம் திரும்பினாள். "ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"மார்கழியிலேயே தெரியும். பனி இல்லாத அன்னிக்கு."

அவள் என் முகத்தையே பார்த்தாள். ரொம்ப நேரம். பிறகு அப்பாவிடம் சொன்னாள்: "இவுகளுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா. மூஞ்சியப் பாருங்க." (இந்த மூஞ்சி எனக்கு உதவியது அந்த ஒரு தடவைதான்.)

"நீ வாரியா, இல்லையா?"

"நான் வரலப்பா."

அவர் கார் ஏறிப் போனார். இலையில் உட்காரவில்லை. அவர் ஆட்களும் பின்னாலேயே போனார்கள். முதல் பந்தியில் பாதி இலை காலி. பாயசம் மிஞ்சியது.

இத்தனைக்கும் நடுவில் என் மாமியார் பைனாகுலரில் குனிந்திருந்தார். எப்போது வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. கார் கிளம்பிய சத்தத்துக்கும் அவர் நிமிரவில்லை. கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

"இதுல எது மாப்ளே அருந்ததி?"

"தள்ளி இருக்கிறது அத்தை."

"நல்லாத்தான் இருக்கா" என்றார். முந்தானையால் பைனாகுலர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு உள்ளே போனார். துடைத்த பிறகும் ஓரத்தில் ஈரம் இருந்தது. பனி என்று நான் நினைத்தேன். வண்டியில் ஊருக்குத் திரும்பும்போதுதான் மலர் திருமயத்து வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து மரக்கடைக்குப் போனேன். மாமனார் என்னை உட்காரச் சொல்லவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மாமா. நான் நட்சத்திரத்தத்தான் சொன்னேன்."

"அது எனக்கும் பொறவு தெரிஞ்சிச்சு மாப்ளே" என்றார். அறுத்த பலகையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஆனா நீங்க ஒரு வார்த்தகூடத் தப்பாச் சொல்லலையே."

பஸ் ஏறி வந்துவிட்டேன்.

அவர் வரவேயில்லை. பிள்ளைகளுக்குக் காது குத்தியபோது சீர் வந்தது, ஆள் வரவில்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்றால் கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்பார். மலரும் பிள்ளைகளும் போய்ப் பேசுவார்கள். நான் தள்ளி வண்டியில் உட்கார்ந்திருப்பேன். வருஷா வருஷம் அவர் கை ஆடுவது அதிகமானது. அது எனக்கு வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

எங்கள் கல்யாண வீடியோ ஆரம்பத்தில் நன்றாக இருக்கும். ஸ்டாண்டை நான் வாங்கியதிலிருந்து ஆடும். அருந்ததி கட்டத்தை எங்கள் தாய்மாமன் சொல்லிச் சேகர் வெட்டிவிட்டான். அம்மி மிதிப்போம், உடனே மிச்சப் பாயசம் ஊற்றுவார்கள். வீட்டில் யாராவது தேவையில்லாமல் துருவிக் கேட்டால், "பவரக் கொறைங்க" என்பார்கள். சின்னம்மா வாயைத் திறந்தாலே பிள்ளைகள் இதைச் சொல்லும். என்னிடம் யாரும் சொல்வதில்லை. நான்தான் பேசுவதில்லையே.

போன ஐப்பசியில் மாமனார் இறந்துபோனார். அரிமளத்து வீட்டில்தான் கிடத்தியிருந்தார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. தெருமுனையில் ஒரு அம்மாள் குடை இல்லாமல் நின்றார். நரைத்த தலை. கையில் ஒரு மாலை. யாரும் வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்தார்கள்.

சின்னம்மா எழுந்தார். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இங்கிட்டு..." என்று ஆரம்பித்தார்.

"பவரக் கொறைடி" என்றார் என் மாமியார்.

ரெண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டில். மாமியாரும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, அந்த மூணாவது வந்து நனையுது. கூட்டிட்டு வந்து ஒரு நாக்காலி போடுங்க."

"எங்கத்தை போட?"

அவர் மாமனாரின் தலைமாட்டைக் காட்டினார். "கிட்டக்கப் போடுங்க. நீங்கதானே சொன்னீக, அதுதான் கிட்டக்க இருக்குன்னு."

கூட்டிவந்தேன். கிட்டக்கவே போட்டேன்.