தார்ப்பாய் ஓனரின் ஆறுகால் குடித்தனம்

பீளமேட்டில் நல்ல வீட்டு ஓனர் கிடைக்க வேண்டுமென்றால் நீங்கள் தேனீயாகப் பிறந்திருக்க வேண்டும். மனிதர்களாகப் பிறந்துவிட்ட குற்றத்துக்காக நானும் என் அறைத்தோழன் செல்வமும் தார்ப்பாய் ஓனரிடம் குடியிருந்தோம்.

லேத் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். கீழே அவரும் மனைவியும். மாடியில் பாதி எங்கள் அறை, மீதி வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் மூன்று தேனீப் பெட்டிகள்.

ஐப்பசி மழைக்கு வானம் கறுத்ததும் அவர் மாடிக்கு வந்துவிடுவார். பெட்டிகளின் வாசல், கிழக்கிலிருந்து அடிக்கும் கீகாத்துக்கு முதுகு காட்டும்படி திருப்பி வைப்பார். தண்ணீர் உள்ளே தேங்காமல் வழிய, பின்பக்கம் கொஞ்சம் உயர்த்தி முட்டுக் கொடுப்பார். மேலே தகரக் கூரை, அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் செங்கல். உள்ளே ஈரம் கட்டக் கூடாதென்று காற்றுக்குத் தனி வழி. மழையில் வெளியே போய்ச் சாப்பிட முடியாதே என்று சர்க்கரைப்பாகு வேறு. நாங்கள் ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, எங்கள் அறையில் ஒழுகும் இடத்துக்குப் பக்கெட்டை நகர்த்திக்கொண்டிருப்போம்.

ஒழுகுவதைப் பலமுறை சொல்லிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும், “பாத்துக்கலாமுங்க கண்ணு” என்பார். ஒரு ‘ங்க’வும் ஒரு ‘கண்ணு’ம் சேர்த்து மறுத்தால், மறுக்கப்பட்டவன் நன்றி சொல்லிவிட்டுத் திரும்புவான். நாங்களும் அப்படித்தான் திரும்பினோம். ஒருநாள் அளவு நாடாவும் புதுத் தார்ப்பாயுமாக அவர் படியேறி வந்தபோது, செல்வம் ஓடிப்போய் அறையைப் பெருக்கி வைத்தான். அவர் எங்களைக் கடந்து போய்ப் பெட்டியை அளந்தார்.

இன்னொரு நாள் துணி காயப்போடப் போன செல்வத்தைக் கன்னத்தில் ஒரு தேனீ கொட்டிவிட்டது. பன் மாதிரி வீங்கிய முகத்தோடு கீழே போய் நின்றான். ஓனர் உண்மையாகவே கலங்கிப்போனார். “கொட்டுன பூச்சி பொழைக்காதுங்களே தம்பி” என்று நெடுநேரம் வருத்தப்பட்டார். கடைசியில் செல்வம்தான் அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வந்தான்.

அந்த வருஷம் புயல் சின்னம் என்று செய்தி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காற்று தகரக் கூரையைப் பிய்த்துப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிவிட்டது. தார்ப்பாயும் போனது. ஓனர் தொப்பலாக நனைந்தபடி எங்கள் கதவைத் தட்டினார். பெட்டிகளின் வாசலைக் கம்பி வலையால் அடைத்துவிட்டதாகவும், ஒரு பொழுதுக்கு மட்டும் அறையில் இடம் வேண்டுமென்றும் கேட்டார். வீடு அவருடையது, ஆனாலும் கேட்டார். மூவருமாக மூன்று பெட்டிகளையும் குலுங்காமல் தூக்கி வந்து, சுவரோரம் வைத்தோம். டியூப்லைட்டை அணைக்கச் சொன்னார், வெளிச்சம் அதுகளுக்கு ஆகாதாம். செல்வம் அடித்திருந்த சென்ட்டும் ஆகாதாம். அவன் போய் முகம் கழுவி வந்தான்.

எல்லாம் முடிந்து அவர் மூச்சு விட்டபோது, நடுப் பெட்டியின் மூடியில் டொக் என்று ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.

ஓனர் மெல்லத் தலையைத் தூக்கினார். நாங்கள் குடிவந்த பிறகு அவர் அந்தக் கூரையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இது எப்பயிருந்துங்க ஒழுகுது?”

“நாங்க வந்ததுலேர்ந்துங்க” என்றேன்.

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?” என்றார், மனம் நொந்துபோய்.

செல்வம் பக்கெட்டைத் தூக்கி நடுப் பெட்டிக்கு மேல் பிடித்தான். கீழே இருக்கும் பழைய தார்ப்பாயை எடுத்துவரச் சொல்லி ஓனர் என்னை அனுப்பினார்.

அவருடைய ஹாலுக்குள் நான் போனதே இல்லை. பெட்டிகள் இருந்த வெட்டவெளிக்கு நேர் கீழே இருந்தது அந்த ஹால். அண்டா, குண்டா, இட்லிப் பாத்திரம் என்று தரை முழுக்க ஏந்தி வைத்திருந்தார்கள். அத்தனையிலும் சொட்டிக்கொண்டிருந்தது. ஓனரின் மனைவி ஒரு கட்டிலைத் தனியாகச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு பக்கம் பிடித்தேன்.

“மேல தளத்தக் கொத்திப்போட்டுத்தான் பூசோணுமாமுங்க. கொத்துனா பொட்டி அதிருமாம். நகத்துனா பூச்சிக்கு எடம் தெரியாமப் போயிருமாம்” என்றார் அந்த அம்மா. கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

எங்கள் அறை ஒழுகியதற்கு நான் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த கணக்கெல்லாம் அந்த ஹாலிலேயே கரைந்துபோயிற்று. நாங்களாவது ஒரு பக்கெட்டோடு பிழைத்தோம்.

மழை விட்டதும் கொத்தனார் வந்தார். எங்கள் கூரை விரிசலெல்லாம் அடைத்துப் பூசப்பட்டது. பெட்டிகளுக்கு இன்னொரு புயல் வந்தால் ஒதுங்க இடம் வேண்டுமே. பெட்டிகள் பழைய இடத்துக்கே, பழைய திசைக்கே திரும்பின. அந்தப் பக்கத்துத் தளத்தையும் கொத்திவிடலாமா என்று கொத்தனார் கேட்டதற்கு, “பனி முடியட்டுங்க” என்றார் ஓனர்.

ஆக, அந்தக் கார்த்திகை முழுவதும் அந்த வீட்டில் நனையாமல் தூங்கியது தேனீக்களும் நாங்களும்தான். மழை வலுத்தால் கீழே கட்டில் நகரும் சத்தம் கேட்கும். செல்வம் எழுந்து சட்டையை மாட்டுவான். இருவரும் இறங்கிப்போய், ஆளுக்கொரு பக்கம் பிடிப்போம்.