இரண்டாவது ‘காய்க்கும்’

தமிழ் எம்.ஏ. படித்தவனை எந்த விசேஷத்திலும் நிம்மதியாக உட்கார விடமாட்டார்கள். அவனுடைய சொந்த நிச்சயதார்த்தமாக இருந்தாலும் சரி.

திருவையாற்றில் ஒரு மண்டபம். தாம்பூலத் தட்டு இன்னும் மாற்றியாகவில்லை. எனக்கு மாமனார் ஆகவிருந்தவர் சம்பா விவசாயி. கவிதை என்றால் உயிர் (இதைத் தரகர் எங்களிடம் மறைத்துவிட்டார்). தானே எழுதி அச்சடித்த வாழ்த்து மடலை என் கையில் கொடுத்தார்.

“மாப்பிள்ளை தமிழ் வாத்தியாராச்சே! எதுகை மோனையெல்லாம் எப்படி வந்திருக்குன்னு சபைக்குச் சொல்லுங்க.”

மைக்கும் வந்துவிட்டது.

*வாய்க்கால் வழியட்டும் வயலெல்லாம் விளையட்டும்*
*காய்க்கும் காய்க்கும் கொடிபோலக் காதலும் செழிக்கட்டும்*

வாய்க்கால், காய்க்கும்: எதுகை. சொன்னேன். வழியட்டும், வயலெல்லாம்: மோனை. சொன்னேன். கைதட்டினார்கள். அந்தத் தெம்பில் சீர்களை விரல்விட்டு எண்ணினேன். முதல் அடியில் நான்கு. இரண்டாவதில் ஐந்து. மறுபடி எண்ணினாலும் ஐந்துதான்.

‘ஒரு சீர் கூடுதுங்க’ என்றால் தட்டு வந்த வழியே திரும்பிவிடும். சும்மா நின்றால் என் எம்.ஏ. மேல் சந்தேகம் வரும். வேர்வை மடலிலேயே சொட்டியது. எதிரே மணப்பெண் கயல்விழி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இந்தக் ‘காய்க்கும் காய்க்கும்’ இருக்கே...” குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. “இதுதாங்க பாட்டோட உயிரே. மாமா வேணும்னே அடுக்கியிருக்காங்க. முதல் காய்க்கும், முதல் குழந்தை. ரெண்டாவது காய்க்கும், ரெண்டாவது குழந்தை.”

என் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமனார் என் காதருகே குனிந்தார். நடுவில் மைக் இருந்ததை மறந்துவிட்டார்.

“அது அச்சகத்துல ரெண்டு தரம் விழுந்துடுச்சு, மாப்பிள்ளை. நான் ஒரு தரந்தான் எழுதினேன்.”

ஒலிபெருக்கி அதை வாசல்வரை கொண்டுபோனது. முதலில் சிரித்தது கயல்விழி. அப்புறம் பந்தியில் பரிமாறுகிறவர்கள்வரை சிரித்தார்கள். தட்டு எப்போது மாறியது என்றே எனக்குத் தெரியாது.

மூத்தவள் பிறந்தபோது யாரும் எதுவும் சொல்லவில்லை. சின்னவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை உறவுக்கும் நடுவே, மாமனார் என் தோளைத் தட்டினார்.

“பாவம், அச்சகத்துக்காரன அன்னைக்கு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன், மாப்பிள்ளை. அவன் சரியாத்தான் போட்டிருக்கான்.”

சின்னவளுக்கு அழகான தமிழ்ப் பெயர்தான் வைத்தோம். தாத்தா வீட்டில் அது செல்லாது. “ஏ அச்சுப்பிழை!” என்று அவர் கூப்பிட்டால், “என்னங்க தாத்தா?” என்று ஓடுகிறாள்.