கரண்ட் சாமியின் காவல் பெட்டி

மன்னார் அரிப்பு வீதியில் உள்ள அந்தத் தகரக் கொட்டகைக்கு முன்னால் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடமிருக்காது. வந்திருப்பவர்களுக்குக் காய்ச்சல் இல்லை, கலியாணத் தடை இல்லை. அவர்களுடைய வாகனங்களுக்குத்தான் பேய் பிடித்திருக்கிறது. வான், ஓட்டோ, லான்ட்மாஸ்டர் உழவு மெசின் என்று வரிசையாக நிற்கும். பாதிக்குமேல் தள்ளிக்கொண்டு வரப்பட்டவை.

உள்ளே கரண்ட் சாமி இருப்பார். சொந்த ஊர் எது, பெற்றோர் வைத்த பெயர் என்ன என்று கேட்கக்கூடாது. கேட்டால் அருள் குறைந்துவிடுமாம். நிறுத்தி வைத்த வாகனத்தின் பற்றரியை இரவோடு இரவாக உறிஞ்சிவிட்டுப் போகும் பேயொன்று இந்தக் கரையோரம் திரிகிறது என்று முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். அவர் வரும்வரை அந்தப் பேயை ஒருவரும் கண்டதில்லை. வந்தபின் அதை அறியாத சாரதி இல்லை.

பேயிடமிருந்து காக்க சாமி ஒரு காவல் பெட்டி கொடுப்பார். உள்ளங்கையில் அடங்கும் சவர்க்காரப் பெட்டி அளவு, முற்றிலும் இலவசம். இந்து வந்தால் பெட்டியில் பிள்ளையார், வேதக்காரர் வந்தால் மாதா, முஸ்லிம் வந்தால் பிறை. மன்னாரில் மூன்று சமயத்தாரையும் ஒரே கண்ணால் பார்த்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. பெட்டியின் இரண்டு வயர்களையும் சாமியே நேராகப் பற்றரியில் பூட்டுவார். வாகனச் சாவியான திறப்பைக் கழற்றினாலும் அருள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமல்லவா? ஓடியது. பெட்டி எந்நேரமும் சுடும். பக்தர்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

வாகனம் படுத்துவிட்டால் பற்றரியைக் கழற்றி, காணிக்கையோடு சாமியிடம் கொடுக்க வேண்டும். அது ஓர் இரவு அவருடைய பூசை அறைக்குள் இருக்கும். விடியும்வரை உள்ளிருந்து "ம்ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். மூச்சே விடாமல் மந்திரம் சொல்கிறார் என்று வெளியே புல்லரித்துப்போய் நிற்பார்கள். ஊரில் கரண்ட் போனால் மந்திரமும் நின்றுவிடும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் வாகனம் ஒரே திறப்பில் உறுமும்.

இந்தப் பக்தர்களில் முதல் வரிசைக்காரர் இராசேந்திரம். தமிழ்நாட்டு அகதி முகாமில் பாதி ஆயுளைக் கழித்துத் திரும்பியவர். பழைய வான் ஒன்றை வாங்கி, விடியற்காலையில் நண்டுக் கொம்பனிக்குப் பெண்களை ஏற்றி இறக்குகிறார். காவல் பெட்டி பூட்டுவதற்கு முன் அந்த வான் ஒருநாளும் படுத்ததில்லை. பூட்டிய பிறகு கிழமைக்கு இரண்டுமுறை படுக்கிறது. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது.

"பேய் வரப்போகுது எண்டு தெரிஞ்சுதானே சாமி முன்னமே பெட்டி தந்தவர்!"

கடைசியாகப் படுத்தபோது சாமி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், "முன் சீட்டில ஆர் இருக்கிறது?"

"அன்ரோனெற், சாமி. என்ர கூட்டாளியின்ர மனிசி. அவன் கடலுக்குப் போய் வரேல்லை."

"துணையில்லாதவளின்ர கண்! அதுக்குள்ளாலதான் பேய் இறங்குது. இறக்கி விடு."

கொம்பனிக்கு அந்த நேரத்தில் வேறு பஸ் இல்லை. ஒரு கிழமை வராவிட்டால் அவள் இடத்தில் வேறொருத்தி நண்டு உடைப்பாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளின் சோறும் அந்த முன் சீட்டில்தான் இருந்தது. இது இராசேந்திரத்துக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே மறுநாள் வானை அவளுக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறக்காமல் சொன்னார்.

"குறை நினையாதையும் தங்கச்சி. உம்மட கண்தான் பற்றரியைக் குடிக்குதாம்."

"பற்றரி சீட்டுக்குக் கீழ கிடக்கு. நான் ரோட்டைப் பாத்துக்கொண்டெல்லோ வாறனான்?"

"அதெல்லாம் எனக்கு விளங்காது."

அன்றைக்கு அவர் பேசியதில் உண்மை இது ஒன்றுதான்.

அவள் இல்லாமல் ஓடிய வான் மூன்றாம் நாளே படுத்தது. சாமி அசரவில்லை. வீதியோரம் நின்று அவள் வானைப் பார்க்கிறாளாம்! பற்றரிக்குப் பூசை முடிந்த கையோடு இராசேந்திரம் வானை நேரே அவள் வாசலுக்கு விட்டார்.

"வான் வரேக்க கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டு நில்லும், தங்கச்சி."

அன்ரோனெற்றுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அழுகையை விழுங்கிவிட்டு வானுக்குள் கைவிட்டுப் பெட்டியைத் தொட்டாள்.

"இது ஏன் சுடுது?"

"அருள்."

"விறகில்லாம அடுப்புச் சுடுமோ அண்ணை? சுடுற சாமான் எதையோ திண்டுதானே சுடும்? அதுசரி, சாமியின்ர காரிலயும் இந்தப் பெட்டி இருக்கோ?"

இராசேந்திரம் பெட்டியை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வானை எடுத்தார்.

சனிக்கிழமை கொட்டகையில் கூட்டம் நெரிந்தது. அன்ரோனெற் நடுவால் புகுந்து சாமிக்கு முன்னால் போய் நின்றாள்.

"என்ர கண்ணுக்கு அவ்வளவு சக்தியெண்டால் உங்கட காரில பாப்பம். பெட்டியில்லாம நிக்குது. பொழுதுபடும்வரை முன் சீட்டில இருந்து முறைச்சுப் பாக்கிறன். கார் படுத்தால் இனி ஒரு வாகனத்தையும் ஏறெடுத்துப் பாக்கமாட்டன். படுக்காட்டி, இரவைக்குப் பெட்டியைப் பூட்டுங்கோ. நான் கிட்டவும் வரமாட்டன். காலமை பாப்பம்."

"என்னைச் சோதிக்கிறியோ?" என்று சாமி சீறினார். "எனக்கெதுக்குப் பெட்டி? நானே காவல்!"

ஓட்டோக்காரன் இன்சாப் முன்னால் வந்தான். அவனும் பிறைப் பெட்டிக்காரன்தான். பாவம், உண்மையான பக்தியோடுதான் சொன்னான்.

"பயப்பிடாதீங்க சாமி! உங்கட சக்தியை இண்டைக்கு எல்லாரும் பாக்கட்டும். விடியும்வரை நாங்க காரைச் சுத்திக் காவல் இருக்கிறம். ஒரு பேயும் கிட்ட வராது."

கூட்டம் கைதட்டியது. சாமியின் முகம் வெளுத்தது. பக்தர்கள் இவ்வளவு நம்பிக்கை வைப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பின்னேரம் முழுவதும் அன்ரோனெற் காரின் முன் சீட்டில் இருந்து, பற்றரி கிடந்த பக்கத்தைக் கண் வெட்டாமல் பார்த்தாள். பொழுதுபட்டதும் திறப்பைத் திருப்பினார்கள். கார் குதித்துக்கொண்டு ஸ்டார்ட் ஆனது. அவள் இறங்கி வீட்டுக்கு நடந்தாள். பிறகு பிள்ளையார், மாதா, பிறை மூன்றையும் காரில் பூட்டினார்கள். சாமிக்கு மூன்று பங்கு பாதுகாப்பு வேண்டாமா? இரவில் சாமி காரை நோக்கி மூன்றுமுறை வெளியே வந்தார். மூன்றுமுறையும் பக்தர்கள் கும்பிட்டு உள்ளே அனுப்பினார்கள்.

ஞாயிறு காலை திறப்பைத் திருப்பினால் "டிக்" என்றது கார். இன்னொருமுறை திருப்பினார்கள். அந்த "டிக்"கும் இல்லை. பெட்டிகள் மூன்றும் குளிர்ந்து கிடந்தன.

"அவளின்ர கண்!" என்று சாமி கத்தினார்.

"அவ இங்கால வரவேயில்லையே" என்றான் இன்சாப், மெதுவாக. அவனுக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் ஸ்டார்ட் ஆனது. ஸ்குரூ டிறைவரை எடுத்துப் பெட்டியைப் பிரித்தான். பிள்ளையாருக்குப் பின்னால், தகட்டுத் தாளில் சுற்றி, ஒரு பிறேக் லைற் பல்ப். மாதாவுக்குப் பின்னாலும் அதே பல்ப். பிறைக்குப் பின்னாலும் அதேதான். இராசேந்திரம் ஓடிப்போய்ப் பூசை அறைக் கதவைத் தள்ளினார். உள்ளே, வரிசையாகக் கிடந்த பற்றரிகளுக்கு நடுவில் ஒரு சார்ஜர் தனியே இருந்து மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தபோது சாமி கடற்கரைப் பக்கமாக வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். காரைத் தள்ளிவிட ஒருவரும் போகவில்லை.

கூட்டத்தில் ஒருவர் கவலையோடு கேட்டார், "இது பொய்ப் பெட்டியெண்டால், நல்ல பெட்டி எங்க குடுக்கினம்?"

திங்கட்கிழமை விடியலில், பெட்டியைக் கழற்றிய வான் ஒரே திறப்பில் கிளம்பியது. அன்ரோனெற்றின் வாசலில் நிறுத்தி, இராசேந்திரம் இறங்கிப்போய் முன் கதவைத் திறந்தார். அவருக்குத் தலை நிமிரவில்லை.

"குறை நினையாதையும், தங்கச்சி."

"நினைக்கிறன் அண்ணை. அவன் ஏமாத்திப் பிழைக்க வந்தவன். நீங்கள் என்ர மனிசனோட ஒரு கோப்பையில சோறு திண்டனீங்கள். என்னைக் கண்ணை மூடச் சொன்ன நேரம், உங்கட கண்ணை ஒருக்காத் திறந்து அந்தப் பெட்டியைப் பாத்திருக்கலாம்."

ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். வான் போனது. இறங்கிய பற்றரிக்கு சார்ஜ் போட ஊரில் ஆள் இருக்கிறது. நிறுத்தி வைத்த மூளைக்கு அவரவர்தான் திறப்புப் போட வேண்டும்.