ராமேஸ்வரத்துக் காக்கை மூணு மணிக்கு வந்தது

ராமேஸ்வரத்துக்கு அண்ணன் அஸ்தி கொண்டுபோயிருக்கும் கொழுந்தனார் நல்லையா அவர்களுக்கு, தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அண்ணி இராக்கம்மா எழுதிக்கொள்வது. இங்கே உங்க அண்ணன் இல்லாத குறை தவிர மற்றபடி சுகம். அங்கே உங்க சுகத்துக்கு ராமலிங்க சாமி பொறுப்பு.

தம்பி, உங்களுக்கு எப்படி நன்றி சொல்லுவேன். அன்னைக்குச் சோறு வேகலைன்னு வெறும் வயித்தோட பெரட்டுக்குப் பேரு குடுக்கப் போனவரு மலையிலேயே சாஞ்சுட்டாரு. மனுசன் பசியோட போயிட்டாரேன்னு எனக்கு அதே நெனப்பு. பதினாறாம் நாள் கங்காணி லீவு குடுத்தாரு, நல்லாயிருக்கணும். பத்து மணிக்கு நம்ம லயத்து வீட்டு வாசல்ல எலையப் போட்டுச் சோறு வச்சுக் கா கான்னு கூப்பிட்டேன். முதல்ல கோழி வந்துச்சு. வெரட்டினா நாய் வந்துச்சு. அதையும் வெரட்டி மறுபடி ஆக்கிப் போட்டேன். காக்கை மட்டும் வரலை. பக்கத்துக் காம்பரா ரெங்கம்மா, "உசுரோட இருக்கையிலயே ஒன் சோத்தப் பயந்து பயந்துதான் தின்னாரு, இப்ப எதுக்குடி வருவாரு?"ன்னா. சொல்லிட்டு அவளே கருவாடும் சுட்டு வச்சா, புண்ணியவதி.

நான் அழறதப் பாத்துட்டு, சேலை மூட்டையோட வந்த புஹாரி நானா உக்காந்துட்டாரு. அவரு வருசாவருசம் கடலைத் தாண்டுறவரு. "ஒங்க கொழுந்தன் அங்க எத்தன மணிக்குப் பிண்டம் வைக்கிறாரு?"ன்னாரு. காலையில ஏழுக்குன்னேன். "அட, அங்க சாப்பிட்டுட்டுத்தானே புள்ள இங்க வரணும்! தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல்ல ரெண்டு மணி நேரம், காக்கைக்கு ஒண்ணு. அங்கேருந்து நேரா நூத்தி எழுபது மைல் இருக்கும், ஆறு மணி நேரம். மலை ஏற மூச்சு வாங்கும், இன்னொரு மணி போடு. மூணு மணிக்கு வரும்"ன்னாரு. "ரயில்ல ரெண்டு நாளாகுமே நானா?"ன்னேன். "காக்கைக்கு வண்டி மாறுற வேல இல்லயே!"

ஒரு சேலைகூட விக்காம மனுசன் கூடவே இருந்தாரு. சொன்னா நம்பமாட்டீங்க, சரியா மூணுக்குக் காக்கை வந்து கருவாட்டோட ஒரு பருக்கை விடாமத் தின்னுச்சு. நீங்க நேரந்தவறாமப் போட்டு அனுப்பினதாலதான் வந்தாரு. ஒங்க கைக்கு எந்தக் கொறையும் வராது, ஒங்க புள்ளைங்க பசி அறியாம வளரட்டும்.

இப்படிக்கு,
அண்ணி இராக்கம்மா

பின்குறிப்பு: இத ஒட்டுறப்ப ஒங்க கடுதாசி வந்துச்சு. புயலால கப்பல் ஓடலை, பதினாறாம் நாளும் சேத்து ஆறு நாளாத் தலைமன்னார்லயே கெடக்கேன், அஸ்திப் பானை மடியிலயே இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நீங்க ஒரு பருக்கைகூட வைக்கலை. இவரு எங்கிருந்தும் பறந்து வரலை தம்பி. அன்னைக்குக் காலையிலேருந்து லயத்துக் கூரையிலதான் குந்தியிருந்திருக்காரு. கோவம் வந்தா எப்பவும் அப்படித்தானே, தட்டைத் தள்ளி வச்சுட்டு என்னை அழவிட்டுத்தான் தின்னுவாரு. தின்னுட்டாரு. நீங்க பொறுமையாப் போங்க.