பதினொரு வீட்டுச் சராசரி

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் நிச்சயதார்த்தத்துக்கு ஒரே வாரம் இருக்கும்போது, காஜா பேராங் வட்டாரத்தில் வீடு வீடாகப் பெண்களின் வயதைக் கேட்டுவர ஆள் அனுப்பியவன் நான்தான்.

எங்கள் மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த புதிது. மாலை வகுப்பில் புள்ளியியல் தொடக்கப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடநூல் முழுக்க இங்கிலாந்துக் கோதுமையும் லண்டன் மழையும்தான். பிள்ளைகள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள். படிப்பு வாழ்க்கைக்கு உதவ வேண்டாமா? (அந்த வயதில் நாட்டையே திருத்திவிடும் எண்ணம் எனக்கு.) "நம்ம வீடுகள்ல பெண்களுக்கு எந்த வயசுல கல்யாணம் ஆகுது? கேட்டு, சராசரி எடுத்துட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

பெண்ணின் வயதை விசாரித்தால் நம்மவர்களிடம் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது என் மண்டையில் ஏறவில்லை. யார் அனுப்பியது என்று கேட்ட வீட்டிலெல்லாம் மாணவர்கள் என் பெயரை மரியாதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த வகுப்பன்று வாசலில் இரண்டு பேர் ஜாதகத்தோடு நின்றார்கள். அவர்களை அனுப்பிவைப்பதற்குள் உஜோங் பாசிரிலிருந்து என் வருங்கால மாமனார் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்பா கை நீட்டிவிடுவாரோ என்ற பயத்தில், பின்னாலேயே ரிக்‌ஷாவில் அவர் மகள் கமலா.

"ஏன் தம்பி, வேற பொண்ணு தேடுறீங்களாமே? பாசார்ல மீன் வாங்க வந்தவங்க பூரா அதே பேச்சு!"

"ஐயோ மாமா, இது பாடம்! பாருங்க, சராசரி!" என்று தாள்களை விரித்தேன்.

"சரி. இதுல என் மக எங்க வர்றா?"

நல்ல ஆசிரியன் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பானா? "சராசரிக்கு நாலு வயசு மேல, மாமா."

சொன்னது நான்தானா என்று எனக்கே அதிர்ச்சி.

"இந்தக் கல்யாணமே வேணாம் லா!" என்று மாமனார் திரும்பி நடந்தார். கமலாவை எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. பிள்ளைகள் முன்னால் அழுகை வந்துவிட்டது.

"எத்தனை வீட்ல கேட்டீங்க?" கமலாவின் குரல்.

"பதினொண்ணு."

"எல்லாம் எங்க?"

"இந்த... எதிர் வரிசையில."

"ஒரே வரிசையில பதினொரு வீடு. அதை வச்சு ஊருக்கே சராசரியா? அப்பா, இவருக்குக் கணக்கே சரியா வரல. இதுக்குப் போய் கோவப்படுறீங்களே!"

மூன்று மாதமாக நான் தொண்டை கிழியக் கத்தியும் புரியாத பாடம், பிள்ளைகளுக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. கைதட்டினார்கள். மாமனாரும் சிரித்துத் தொலைத்தார்.

கல்யாணம் நடந்தது. இன்றும் குழம்பில் உப்பு குறைவு என்று நான் வாய் திறந்தால் போதும், கமலாவிலிருந்து கடைசிப் பேத்திவரை ஒரே குரலில் கேட்கிறார்கள்: "எத்தனை வாய் சாப்பிட்டுட்டுச் சொல்றீங்க?"